நிக்கான் ஈஎஸ்-2: ஃபிலிமைப் பிடிக்கும், வெளிச்சத்தை நாம்தான் தேட வேண்டும்

கேமராவை வைத்து வீட்டிலேயே நெகட்டிவ் ஸ்கேன் செய்ய முயன்றால் முதலில் படுத்துவது கோணம். ஃபிலிமும் சென்சாரும் ஒரு டிகிரி விலகினாலே 36 மி.மீ. நீளத்தில் 0.6 மி.மீ. ஏற்றத்தாழ்வு வந்துவிடும், மூலையில் கிரெயின் (ஃபிலிமின் நுண்துகள்) மங்கும். ஃபிலிமை கேமராவால் நகலெடுக்க நிக்கான் தரும் ஈஎஸ்-2 அடாப்டர் தீர்ப்பது இதைத்தான், இதை மட்டும்தான்.

லென்ஸின் முன்மரையில் திருகும் குழாய் இது. ஆறு பிரேம் துண்டுக்கு எஃப்எச்-4 ஹோல்டர், மவுன்ட் போட்ட ஸ்லைடுக்கு எஃப்எச்-5 ஹோல்டர், அடாப்டர் வளையங்கள் எல்லாம் பெட்டியிலேயே உண்டு. ஃபிலிமும் கேமராவும் ஒரே உடம்பாகிவிடுவதால் ஆட்டத்துக்குப் பயமில்லை, முக்காலியும் வேண்டாம். ஃபுல்ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 60 மி.மீ. மைக்ரோ லென்ஸும் (மிக அருகில் படமெடுப்பது), டிஎக்ஸ் கேமராவில் (அதைவிடச் சிறிய சென்சார்) 40 மி.மீ. மைக்ரோவும் நேராகப் பொருந்தும். டிஎக்ஸில் 60 மி.மீ. மாட்டினால் குழாய் நீளம் போதாமல் பிரேமின் ஓரம் வெட்டுப்படும். கண்ணாடி கழற்றிய பழைய 62 மி.மீ. ஃபில்டர் வளையங்களை நடுவில் அடுக்கினால் சரியாகும்.

விளக்கு மட்டும் பெட்டியில் கிடையாது. பால்வெள்ளை டிஃப்யூசர் இருக்கிறது, அவ்வளவே. சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95க்கு மேலான, 5000 முதல் 5500 கெல்வின் வரையுள்ள எல்இடி பேனலை 10 செ.மீ. தள்ளி வையுங்கள். மஞ்சள் பல்பு வேண்டவே வேண்டாம்: கலர் நெகட்டிவின் ஆரஞ்சு மாஸ்க் (ஃபிலிமிலேயே உள்ள ஆரஞ்சு நிறம்) ஏற்கெனவே நீலத்தை விழுங்குகிறது, விளக்கிலும் நீலம் குறைந்தால் அந்தச் சேனலில் இரைச்சல்தான் மிஞ்சும். ஜன்னல் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும். ஒரே ரோலில் பிரேமுக்கு ஒரு நிறம் வரும்.

கேமரா செட்டிங்: ராவ் (பதப்படுத்தாத கோப்பு), அடிப்படை ஐஎஸ்ஓ, எஃப்/8. எஃப்/16 தாண்டினால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் கிரெயினைக் கரைத்துவிடும். லைவ் வியூவில் பெரிதாக்கி, முகத்தில் அல்ல, கிரெயினில் ஃபோகஸ் செய்யுங்கள். 24 மெகாபிக்சலிலேயே சுமார் 4200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) கிடைக்கும். நிக்கான் டி850 கேமராவில் உள்ள நெகட்டிவ் மோடு ஜேபெக் மட்டுமே தரும், அவசரத்துக்கு உதவும். டார்க்டேபிள் மென்பொருளில் நெகட்டிவை நேர்ப்படமாக்கும் நெகடாக்டர் இலவசம், நிறத்தில் பிடியும் நம் கையில்.

குறைகள் உண்டு. எஃப்எச்-4 பிரேமின் விளிம்பைக் கொஞ்சம் மறைக்கிறது. சுருண்ட ஃபிலிம் நடுவில் புடைக்கும். கனமான புத்தகத்தின் கீழ் சில நாள் வைத்த பிறகே ஏற்றுங்கள். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் இங்கே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் புளோயர் அடிக்கச் சோம்பினால் பிறகு ஒவ்வொரு புள்ளியாக அழிக்க நேரிடும்.

120 ஃபிலிம் (அகலமான மீடியம் ஃபார்மட் ரோல்) இதில் நுழையவே நுழையாது. அந்த ரோல்கள் நிறைய இருந்தால் இதை வாங்காதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) தலையைக் கழற்றி, தூணில் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டலாம். மட்டம் பார்க்க, ஃபிலிம் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது.