ஏறி இறங்கும் டிரம்ஸ் அடிகள்: கம்ப்ரஸரா, கைத்திருத்தமா, மாற்று ஒலியா?

வீட்டில் பதிவு செய்த டிரம்ஸில் ஓர் அடி ஓங்கியும் அடுத்தது அடங்கியும் கேட்டால், மிக்ஸிங்கில் (பதிவான ஒலிகளைக் கலந்து சீராக்கும் கட்டத்தில்) அதைச் சமன் செய்ய மூன்று வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன: ஒரு வரம்பைத் தாண்டும் ஒலியைத் தானாக அழுத்தும் கம்ப்ரஸரிடம் ஒப்படைப்பது, ஒவ்வோர் அடியின் அளவையும் கையால் திருத்துவது, அடிக்குப் பதிலாக ஆயத்த ஒலித்துணுக்கை வைப்பது. ஒலித்தடுப்பு இல்லாத அறையில் பதிவு செய்யும் சேலத்துக்காரர்களுக்கு இம்மூன்றும் சமமான தேர்வுகள் அல்ல. கைத்திருத்தமே முதலில் வரவேண்டும் என்பது என் முடிவு.

பெரும்பாலோர் முதலில் நாடுவது கம்ப்ரஸரைத்தான். விகிதத்தை 4:1 என்று வைத்தால், வரம்பை 8 டெசிபல் தாண்டிய அடி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளிவரும். வரம்பைத் தொடாத மெல்லிய அடியை அது கண்டுகொள்வதே இல்லை. ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட மொத்தத்தையும் 6 டெசிபல் உயர்த்துகிறோம். அப்போது மெல்லிய அடிகளோடு, ஸ்னேர் டிரம்முக்கு (சுளீரென ஒலிக்கும் டிரம்) வைத்த மைக்கில் கசிந்த ஹை-ஹாட் சிம்பலின் ஒலியும், அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ வீடு இருந்தால் பக்கத்துத் தெரு விசைத்தறியின் இரைச்சலும் அதே 6 டெசிபல் உயர்ந்துவிடும். கேட் (அளவு குறைந்த ஒலியை அடைத்துவிடும் கருவி) போட்டு அடைக்கலாம் என்றால், தறிச் சத்தம் ஒவ்வோர் அடியோடும் திறந்து மூடுவது முன்னைவிட உறுத்தும். (மின்தடையின்போது தறி நிற்கும், மடிக்கணினியோ பேட்டரியில் ஓடும்; பதிவுக்கு அதைவிட நல்ல வேளை இந்தப் பகுதிகளில் அமையாது.)

இதைவிடப் பெரிய சிக்கல் அட்டாக் நேரத்தில், அதாவது வரம்பு தாண்டிய ஒலியை அழுத்த கம்ப்ரஸர் எடுக்கும் நேரத்தில், இருக்கிறது. அதை 1 மில்லிவினாடிக்குக் குறைத்தால் குச்சி தோலில் படும் அந்தச் சுளீர் ஒலி நசுங்கிப்போகும். 10 முதல் 30 மில்லிவினாடி வரை தளர்த்தினால் சுளீர் பிழைக்கும், ஆனால் ஏறி இறங்கும் உச்சங்களும் அதே இடைவெளியில் தப்பிவிடும். அதாவது, காதுக்கு இனிமையான அமைப்பு சமன் செய்வதில் மெத்தனமாகவே இருக்கும். ரிலீஸும் (பிடியைத் தளர்த்த எடுக்கும் நேரம்) கவனத்துக்குரியது: 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) பதினாறாம் பங்குத் தாளத்தின் நீளம் 125 மில்லிவினாடி என்பதால், அதற்குள் கம்ப்ரஸர் பிடியைத் தளர்த்தாவிட்டால் ஓங்கிய அடியை அடுத்து வரும் கோஸ்ட் நோட் (வேண்டுமென்றே மெல்ல வாசிக்கும் அடி) அமுங்கிவிடும்.

கைத்திருத்தத்தில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. 100 டெம்போவில் நான்கு நிமிடப் பாட்டு என்றால் இரண்டாம், நான்காம் தட்டுகளில் விழும் ஸ்னேர் அடிகள் ஏறத்தாழ 200. அவற்றுள் துருத்தி நிற்பவற்றையும் உள்வாங்கிப் போனவற்றையும் மட்டும் தொட்டால் போதும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் அடி தொடங்குவதற்குச் சற்று முன்பாகத் துண்டித்து, வெட்டு விழுந்த இடத்தில் சிறு ஃபேட் (ஒலி மெல்ல ஏறவோ இறங்கவோ செய்யும் மாற்றம்) கொடுத்து, அந்தத் துண்டின் அளவை மூன்று நான்கு டெசிபல் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். தறி இரைச்சல் உயர்ந்தாலும் அந்த ஒரு துண்டில்தான் உயரும். எது கோஸ்ட் நோட், எது தளர்ந்துபோன அடி என்பதைத் தீர்மானிப்பதும் கருவியன்று, உங்கள் காது. இத்திருத்தத்தை ஃபேடர் ஆட்டோமேஷனில் (டிராக்கின் ஒலியளவுக் கட்டுப்பாட்டைத் தானாக நகரவிடுவதில்) செய்யாமல் துண்டின் அளவிலேயே செய்ய வேண்டும். ஃபேடர் கம்ப்ரஸருக்குப் பின்னால் இயங்குவது, துண்டின் அளவோ அதற்கு முன்னால் அமைவது. உள்ளே போவது ஓரளவு சீராக இருந்தால், கம்ப்ரஸர் இரண்டு மூன்று டெசிபல் மட்டும் அழுத்தி, தனக்கு நன்றாக வரும் வேலையான உடற்கட்டை (ஒலியின் திண்மையை) கொடுக்கும். எல்லா அடிகளையும் ஒரே உயரத்துக்கு நார்மலைஸ் செய்வது மட்டும் கூடாது. வாசித்தவரின் கை அதில் காணாமல் போகும்.

தளர்ந்த அடியின் குறை அளவு மட்டுமன்று, தொனியும்தான். மந்தமாக விழுந்த அடியை 6 டெசிபல் ஏற்றினால் உரத்த மந்தமே கிடைக்கும். மாற்று ஒலிக்கு இடம் அங்கேதான், அதுவும் காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கே அது அதிகம் பொருந்தும். மூல அடியை நீக்காமல் அதன் அடியில் துணுக்கை அடுக்கி, போலாரிட்டியை (ஒலியலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்து, கனம் கூடும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரிரு மில்லிவினாடி பிசகினாலும் கிக்கின் குத்து மெலிந்துவிடும். ஸ்னேரில் ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத்தனம் உடனே வெளிப்படும். ஏற்காட்டுப் பனியில் பதிவான பறைக்கோ இம்மூன்றுமே உதவா: ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதால், நடுவே நிறுத்தி மறுபடி நெருப்பில் வாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்னேருக்கு அருகில் வைத்த மைக்கை மட்டும் திருத்தினால் டிரம்ஸுக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் மைக்குகளில் பழைய ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும் என்பதால், அவற்றிலும் அதே இடங்களில் ஓரிரு டெசிபல் தொட வேண்டும். அதற்கு மேல் போனால் சிம்பலின் அதிர்வு படி ஏறி இறங்குவது தெரியும். மொத்தப் பதிவே இரண்டு மைக்குகளில் முடிந்திருந்தால் 2:1 அளவிலான மென்மையான அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி) கேட்டு வாசித்த பாட்டாக இருக்கும்பட்சத்தில், மோசமான பாரின் (ஒரு தாளச் சுற்றின்) இடத்தில் அதே பாட்டின் நல்ல பார் ஒன்றை நகலெடுத்து ஒட்டுவதே நான் பரிந்துரைப்பது. எலக்ட்ரானிக் டிரம்ஸை மிடியாக, அதாவது ஒலியாக அன்றி அடிகளின் எண் குறிப்பாக, பதிவு செய்தவர்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். 1 முதல் 127 வரையிலான வெலாசிட்டி (அடியின் வேகத்தைக் குறிக்கும்) எண்களைத் திருத்தினால் அளவோடு தொனியும் சேர்ந்தே மாறும்.