மேல்குன்னூர்ப் பழைய புத்தகக் கடையும் 1294-இன் பன்னிரண்டு கர்தினால்களும்

மேல்குன்னூரில் ஒரு தையற்கடையின் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடையில், சென்ற மாதம் 180 ரூபாய்க்குத் திருச்சபை வரலாற்று நூல் ஒன்றை வாங்கினேன். அட்டையும் முதல் இரண்டு தாள்களும் இல்லாததால் அதன் பெயர் தெரியவில்லை. ஆனால் திருத்தந்தை ஐந்தாம் செலஸ்டினைப் பற்றிய அத்தியாயம் ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும்.

முந்தைய திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் 1292 ஏப்ரலில் இறந்தபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற உயர்குருக்களான கர்தினால்கள் 12 பேர்தாம் இருந்தார்கள். அவர்களும் தங்களுக்குள் ஒத்துப்போகாததால் திருத்தந்தையின் இருக்கை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்து, கடைசியில் 1294 ஜூலை 5 அன்று, மலையில் தனித்துத் தவமிருந்த பியெத்ரோ என்ற முதிய துறவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரே ஐந்தாம் செலஸ்டின். செப்டம்பர் 18 அன்று இத்தாலியின் லாக்விலா நகரில் அவர் ஒரேயடியாக 12 புதிய கர்தினால்களை நியமித்தார். அவர்களில் ஏழு பேர் பிரெஞ்சுக்காரர்கள். அந்த நகரம் யாருடைய ஆட்சியில் இருந்ததோ அந்த நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸும் பிரெஞ்சு அரச வம்சத்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பட்டியலை எழுதிய கை யாருடையது என்பது விளங்கும். இருந்தாலும் தம் சொந்தச் சபைத் துறவிகள் இருவரையும் கிழவர் அதில் சேர்த்துவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று 1179-லேயே விதி வகுத்திருந்ததால், பழைய பன்னிருவரில் இருவர் அதற்குள் இறந்துவிட, பழையவர்களைவிடப் புதியவர்கள் மிகுந்தது சிறிய செய்தியன்று. ஆனால் டிசம்பர் 13 அன்று செலஸ்டின் பதவி துறக்க, 24 அன்று தேர்வானவரோ பழைய பன்னிருவரில் ஒருவரான இத்தாலியர், எட்டாம் போனிஃபாஸ்.

கடையின் குறை ஈரம். ஜன்னலோரத்து இரும்பு அலமாரியில் மூடுபனி படிந்து, சரியாகப் புதிய பன்னிருவரின் பெயர்ப்பட்டியல் இருந்த இரண்டு பக்கங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. விற்கும்போது அதைச் சொல்லவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர், "சார், இட்லிப் பானை ஆவியில காட்டி மெதுவா பிரிங்க, கிழிஞ்சா பணம் வாபஸ்" என்றார். பிரித்தேன்; பத்துப் பெயர்கள் முழுதாக வந்தன, இரண்டில் பாதி மை எதிர்ப்பக்கத்திலேயே தங்கிவிட்டது. 50 ரூபாயை மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார். அங்கே போகிறவர்கள் ஜன்னல் பக்கத்து நூல்களை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.