கண்மாய்க்கு வாங்கிய வள்ளம்: ஐந்து வருஷச் செலவுக் கணக்கு

மேலூர்ப் பக்கம் மீன் குத்தகை எடுக்கிறவர்கள் இப்போது என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, “வள்ளம் என்ன விலைக்கு வாங்கினீங்க?” என்றுதான். வள்ளம் என்றால் மீன் பிடிக்கிற சின்னப் படகு. என் நோட்டுப்படி பார்த்தால் மொத்தச் செலவில் விலை பாதிகூட வராது. மீதிச் செலவு எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2020-ல் நானும் மச்சானும் ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தோம். அதுவரை எல்லாரும் தெர்மாகோல் தெப்பத்திலும் லாரி டியூபிலும்தான் போய் வலை கட்டுவார்கள். இரண்டு சாக்குக் கட்லா மீனை ஏற்றினாலே தெப்பம் சாய்ந்துவிடும். அதனால் தொண்டிக் கடற்கரையில் 14 அடியில் ஒரு பழைய ஃபைபர் வள்ளத்தை 42,000 ரூபாய்க்கு முடித்தோம். லாரி வாடகை 6,500. துடுப்பு, மூன்று லைஃப் ஜாக்கெட், சங்கிலி, பூட்டு, இறக்குகூலி என்று இன்னொரு 8,000. ஆக 56,500 ரூபாயில் வள்ளம் எங்கள் கரைக்கு வந்தது.

விற்ற பெரியவர் லாரியில் கயிறு கட்டும்போது சொன்னார்: “தம்பி, எங்க ஊர்ல ஆளுக்கு ஒரு பங்குன்னா வள்ளத்துக்கும் ஒரு பங்கு. அதுல கை வைக்காதீங்க.” அது கடல்காரர்கள் வழக்கம், நமக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

முதல் அடி மார்கழியில் விழுந்தது. நம் கண்மாய்களில் சமூகக் காடு என்று கருவேல மரம் வளர்த்து, ஏலம் விட்டு வெட்டியிருப்பார்கள். அடிக்கட்டை அப்படியே நிற்கும். தண்ணீர் முக்கால் கண்மாய்க்கு இறங்கியதும் கட்டை சரியாக ஒரு சாண் ஆழத்தில் ஒளிந்திருக்கும். கம்பு ஊன்றித் தள்ளிய வேகத்தில் அடிப்பாகம் அதில் ஏறிவிட்டது. கை நுழையும் அளவு கிழிசல். கடற்கரையிலிருந்து மெக்கானிக் வந்து போனதற்கு 6,800 ரூபாய். அதில் பொருள் செலவு 1,500-க்குள்தான், மீதியெல்லாம் கூலியும் பயணமும். கையில் பணமில்லை, மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்காது. சுற்றிலும் ஒரு கையகலம் சரிவாகத் தேய்த்து, சின்னத் துண்டு மேட் (கண்ணாடி இழைப் பாய்) முதலில், அதற்கு மேல் பெரியது, அதைவிடப் பெரியது என்று அடுக்கி ரெசின் என்ற பிசினைப் பூச வேண்டும். அதற்கு முன்பு ஃபைபர் நன்றாகக் காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது, ஒரே மாதத்தில் பெயர்ந்து வரும். இன்னொன்று, ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் இரண்டு மருந்துகளில், முதலில் கோபால்ட்டைக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். இந்த இரண்டையும் தனியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, தீப்பிடித்துவிடும். இப்போது ஒட்டுவேலையை நானே செய்துகொள்கிறேன். வருஷத்துக்கு 1,800 ரூபாய்க்குள் முடிகிறது.

மோட்டார் விஷயத்தில் மட்டும் யாரும் என் வழியில் போக வேண்டாம். இரண்டாம் வருஷம் பழைய அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) ஒன்றை 24,000-க்கு வாங்கினேன். ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொள்ளும், நிறுத்தி அறுத்துவிட வேண்டும். கோடையில் தொட்டியில் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டதால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு 3,200 செலவு. கடைசியில் 15,000-க்குக் கொடுத்தேன். நட்டம் 12,200. எங்கள் அளவு கண்மாய்க்கு மூங்கில் கம்பும் துடுப்பும் போதும்.

உண்மையில் வள்ளத்தைத் தின்பது வெயில்தான். எங்களுக்கு ஒருபோகப் பாசனம். பெரியாறு கால்வாயில் செப்டம்பர் வாக்கில் தண்ணீர் விட்டால்தான் கண்மாய் தண்ணீரைப் பார்க்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி, கரையில் வெள்ளைத் துணி வீசி அனுமதி கொடுத்ததும் ஊரே ஊத்தா என்ற மீன் கூடையோடு இறங்கி மீன் பிடித்த பிறகு, வள்ளம் ஐந்தாறு மாதம் தரையில்தான் கிடக்கும். முதல் கோடையில் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். 2,200 ரூபாய்த் தார்ப்பாய் அடுத்த ஆடிக் காற்றில் நாராகக் கிழிந்தது. வள்ளத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. மேல்பூச்சு வெயிலில் பொடிந்துவிட்டது. அதைத் தேய்த்து முழுதும் புதுப் பூச்சு கொடுக்க நாலாம் வருஷம் 11,000 ஆனது. இப்போது பழைய டயர்கள் மேல் கவிழ்த்து வைத்து, மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறேன். ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை கீற்று மாற்றியதற்கு 7,000.

யாரும் எதிர்பார்க்காத செலவு ஒன்று உண்டு: ஏற்றுகூலி. தண்ணீரில் இறக்க ஒரு தடவை, மேலே ஏற்ற ஒரு தடவை, ஆறு ஆட்கள், ஆளுக்கு 300. வருஷத்துக்கு 3,600, ஐந்து வருஷத்துக்கு 18,000. கயிறு, கம்பு, துடுப்புக்கு 5,000. மோட்டார் நட்டத்தையும் சேர்த்தால் வாங்கிய பிறகு செய்த செலவு 69,400 ரூபாய். வலைக் கணக்கு இதில் இல்லை.

வருஷத்துக்குச் சுமார் 70 நாள் இறங்குகிறோம். அந்த 69,400-ஐ ஐந்து வருஷத்து 350 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 200 ரூபாய் வருகிறது. தொண்டிப் பெரியவர் சொன்ன பங்கு இதுதான் என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது. மூன்றாம் வருஷத்திலிருந்து, மீன் எடை போட்டுக் காசு கைக்கு வந்ததும் முதலில் 200 ரூபாய் வள்ளத்தின் பங்காக ஹார்லிக்ஸ் பாட்டிலில் போய்விடும். விலை குறைந்த ஜிலேபி மீன் மட்டும் கிடைத்த நாளிலும் போடுவோம். மச்சான் முதலில் முணுமுணுத்தார். பூச்சு வேலைக்கு வட்டிக்குப் போகாமல் பாட்டிலிலிருந்து 11,000 எண்ணிக் கொடுத்த அன்றைக்கு, “மாப்ள, இதை 250 ஆக்குவமா?” என்று அவரே கேட்டார்.

மழை பொய்த்து கண்மாய் பாதி நிறைந்த வருஷம் 30 நாள்தான் இறங்கினோம். கொட்டகையும் ஏற்றுகூலியும் அந்த வருஷமும் குறையவில்லை. அதனால் நல்ல வருஷத்தில் 250 போடுவது சரிதான்.

இப்போது பாட்டிலில் 4,200 ரூபாய் இருக்கிறது. முன்பக்க அடியில் ஒரு கீறல் தெரிகிறது. கால்வாயில் தண்ணீர் வருவதற்குள் காயவைத்து ஒட்டிவிட வேண்டும்.