காதைப் பார்க்காமல் விற்கும் கடை
யாழ்ப்பாண நகரிலுள்ள செல்லப்பிராணிக் கடையொன்றில் பாரசீகக் கலப்புப் பூனைக்குட்டி ஒன்றை வாங்கினோம். கூடு துப்புரவாக இருந்தது. விலையிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றிரவே குட்டி ஓயாமல் தலையை உதறிக் காதைச் சொறிந்தது. காதுமடலை விரித்துப் பார்த்தபோது, கோப்பித்தூளை ஒத்த கரிய அழுக்கு உட்புறமெங்கும் அப்பியிருந்தது. காதுண்ணி என்று மிருக வைத்தியர் உறுதிப்படுத்தினார். முட்டையொன்று முழு உண்ணியாக வளர ஏறத்தாழ 3 வாரங்கள் செல்லும் என்பதால், சொறிச்சல் நின்ற பின்னரும் மருந்தை இடையில் விடக்கூடாது என்றும், வீட்டிலுள்ள மற்றப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் இது தொற்றும் என்றும் விளக்கினார். கடைக்காரர் மருந்துச் செலவைத் தர மறுக்கவில்லை. எனினும் அதே கூட்டிலிருந்த ஏனைய குட்டிகளைப் பரிசோதிக்காமலே அவர் தொடர்ந்து விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தருவதாகச் சொன்ன தடுப்பூசி அட்டையும் இன்னும் வந்தபாடில்லை.