திருச்சி விமான நிலையம்: கைமாறிய கம்பெனிகளும் கூடிய தடங்களும், ஒரு டிக்கெட் ஏஜெண்டின் மதிப்புரை

அறந்தாங்கியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். நான் போடும் டிக்கெட்டில் முக்கால்வாசி திருச்சியில் ஏறுவதுதான். சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிற பையன்கள், மலேசியாவில் ஓட்டல் வேலை பார்ப்பவர்கள், துபாயிலும் குவைத்திலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், பேரப்பிள்ளை பிறந்தால் பார்த்துவிட்டு வரக் கிளம்பும் அம்மாக்கள். எந்த விமானக் கம்பெனியை யார் வாங்கினார்கள் என்பது மற்றவர்களுக்கு வியாபாரப் பக்கத்துச் செய்தி. இவர்களுக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியுமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம். அதனால் இந்த மதிப்புரையில் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சமும் கம்பெனிகளைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

கட்டடத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புது டெர்மினலை 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கே மாறின. ஆண்டுக்கு 44 லட்சம் பேர், நெரிசலான நேரத்தில் ஒரே சமயத்தில் 3,500 பேர் வரை தாங்கும் என்பது கணக்கு. முகப்பில் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் வண்ணங்கள், உள்ளே கோலம். எங்கள் பக்கத்து ஜனங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது தரைதான், அவ்வளவு விசாலம். சிங்கப்பூர் பயணி என்றால் கடைசி நேரத்தில் பெட்டியைப் பிரித்துக் கட்டுவது தவிர்க்க முடியாதது. மணப்பாறை முறுக்கும் ஊறுகாய் பாட்டிலும் செக்-இன் பெட்டிக்குள் போகும், ஜெர்கினை எடுத்து உடம்பில் போட்டுக்கொள்வார்கள், அட்டைப்பெட்டியை நைலான் கயிறு போட்டு இறுக்கி, மேலே மார்க்கரில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதுவார்கள். 2009-இல் திறந்த பழைய டெர்மினலில் இந்த வேலையை ஆட்களின் கால்களுக்கு நடுவே செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஒரு குடும்பமே வட்டமாக உட்கார்ந்து பிரித்துக் கட்டினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை சாலையிலிருந்து புது டெர்மினல் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கிப் பெட்டியோடு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

இனி கம்பெனிகள். எங்கள் கடையில் அதிகம் காதில் விழும் பெயர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2005-இல் அரசாங்கம் தொடங்கியது. வளைகுடாவுக்குப் போகும் ஏழை பாழைகளுக்கு அதுதான் பஸ் மாதிரி. 2022 ஜனவரி 27-இல் ஏர் இந்தியாவோடு சேர்த்து இதுவும் டாடா கைக்குப் போனது. ஏலத்தொகை 18,000 கோடி. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது போக, ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. டாடாவுக்குத் திருச்சி புதிய ஊர் ஒன்றும் கிடையாது. 1938-இல் அவர்களுடைய விமானம் கொழும்புக்குத் தபால் கொண்டு போனபோது வழியில் இறங்கிய ஊர்களில் திருச்சியும் உண்டு. அந்தக் கம்பெனிதான் பிறகு ஏர் இந்தியா ஆனது. 1953-இல் அரசுடைமையாகி, கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்துப் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

மாற்றம் தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது. 2023 மார்ச்சில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கும் ஏர்ஏசியா இந்தியாவுக்கும் ஒரே வெப்சைட், ஒரே புக்கிங் என்று ஆனது. 2024 அக்டோபர் 1-இல் இரண்டும் ஒரே கம்பெனியாகவே ஆயின. எங்களுக்கு இதில் நேரடி லாபம், திருச்சியிலிருந்து பெங்களூரு போய் அங்கிருந்து வடக்கே எங்கே போவதானாலும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த இணைப்பு எங்கள் வாடிக்கையாளர்களைக் குழப்பியும்விட்டது. "ஏர்ஏசியாவை டாடா வாங்கிட்டானாமே, அப்ப கேஎல் (கோலாலம்பூர்) டிக்கெட்டும் அவன்கிட்டதானே எடுக்கணும்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். டாடா வாங்கியது ஏர்ஏசியாவின் இந்தியக் கம்பெனியை மட்டும். திருச்சிக்கு வரும் சிவப்பு விமானம் மலேசியா ஏர்ஏசியாவுடையது. அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு முதன்முதலில் பறந்ததே திருச்சிக்குத்தான், 2008 டிசம்பரில். சென்னைக்கும் டெல்லிக்கும் முன்னால் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நான் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அதே தடத்தில் ஓடும் பாத்திக் ஏர், 2022 வரை மாலிண்டோ என்று இருந்தது. பெயர்தான் மாறியிருக்கிறது, லயன் குழுமத்தின் கம்பெனிதான்.

கைமாறியதோடு வந்த இன்னொரு மாற்றம் லைட் டிக்கெட். 2024 பிப்ரவரியில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இதைக் கொண்டுவந்தது. கையில் எடுத்துப்போகும் பை மட்டும், செக்-இன் பெட்டி கிடையாது, அதனால் விலை குறைவு. அவசரமாகப் போய்த் திரும்புகிறவருக்கு நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட கட்டணங்கள் இப்போது எல்லாக் கம்பெனியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கின்றன, ஜனங்கள் கைபேசியில் விலையை மட்டும் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி, மகன் தானாகவே போட்டுக்கொடுத்த டிக்கெட்டோடு கிளம்பினார். கவுண்டரில் பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். எனக்குப் போன் வந்தது. "தம்பி, டிக்கெட்டு வெலையவிடப் பெட்டிக்குக் கூடக் கேக்குறாகளே, பேத்திக்கு வாங்குன கொலுசும் துணியும் இதுலதானே இருக்கு" என்று அழுகை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முன்கூட்டியே கிலோ வாங்கியிருந்தால் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் தயவுசெய்து "பேக்கேஜ்" என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது சிங்கப்பூர்த் தடத்துக்கு வருகிறேன். உடைமை மாற்றம் எங்கள் மடியைத் தொடுகிற இடம் இதுதான். பழைய ஆட்கள் இன்றைக்கும் "டைகர்ல ஒரு சீட்டு போடுங்க" என்பார்கள். டைகர் ஏர் 2017 ஜூலையிலேயே ஸ்கூட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்கூட் முழுக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சொந்தம். அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், டாடாவோடு சேர்ந்து விஸ்தாரா என்ற விமானக் கம்பெனியை நடத்தியது. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதம் பங்கு கிடைத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். ஆக, திருச்சி–சிங்கப்பூர் தடத்தில் ஸ்கூட் கவுண்டருக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கவுண்டருக்கும் பின்னால் ஒரே முதலாளியின் நிழல் விழுகிறது. ஒன்றில் முழுசாக, இன்னொன்றில் கால்வாசி. இந்த இரண்டோடும் சம்பந்தமில்லாமல் அதே தடத்தில் ஓடுவது இண்டிகோ.

இது என் சந்தேகம் மட்டும் இல்லை. இந்த இணைப்பைப் பரிசீலித்த சிங்கப்பூரின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம், போட்டி குறையலாம் என்று கவலைப்பட்ட தடங்கள் நான்கு: சிங்கப்பூரிலிருந்து டெல்லி, மும்பை, சென்னை, நான்காவதாகத் திருச்சி. கொரோனாவுக்கு முன் இந்தத் தடங்களில் எத்தனை இருக்கைகள் ஓடினவோ அதைக் குறைக்க மாட்டோம் என்று கம்பெனிகளிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் 2024 மார்ச்சில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. மூன்று பெருநகரங்களுக்குப் பக்கத்தில் எங்கள் திருச்சியின் பெயர்! பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் பையன்கள் வந்து போன டிக்கெட்டுகள்தான் அந்தப் பெயரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் கொரோனாவுக்கு முன்னிருந்த அளவு என்பது அன்றைய தேவைக்கு. தேவை அங்கேயே நிற்கவில்லை. இந்தத் தடத்தில் நாலாவதாக ஒரு கம்பெனி வராதவரை தை மாதக் கட்டணம் இறங்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கிழக்கே மற்ற தடங்கள் பெருகியது நிஜமான வளர்ச்சி. 2023 நவம்பரில் வியட்ஜெட் ஹோ சி மின் நகரத்திலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் தாய் ஏர்ஏசியா பாங்காக்கிலிருந்து. இதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாட்டு விமானங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. கதவு திறந்திருக்கிறது, வருகிறார்கள்.

மேற்கே அந்தக் கதவு இல்லை. வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்று துபாயோடு 2014-இல் போட்ட உடன்பாடு இன்னும் பழைய அளவிலேயே நிற்கிறது. துபாய்க் கம்பெனிகள் வந்து இறங்கலாம் என்ற பட்டியலில் திருச்சி இல்லை. எமிரேட்ஸ் வருவதில்லை, கத்தார் ஏர்வேஸும் வருவதில்லை. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக வந்து போகும் விமான நிலையம் இது. வளைகுடாவில் இத்தனை ஆயிரம் டெல்டாக்காரர்கள் இருந்தும், சீசனில் ஷார்ஜா டிக்கெட் விலை கேட்டு வாயடைத்து, கொச்சி வரைக்கும் வேன் பிடித்துப் போகிறார்கள். இல்லாவிட்டால் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு போய் மாறுகிறார்கள். 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்கு ஓட்ட ஆரம்பித்தது பெரிய ஆறுதல். ஆனாலும் இங்கே ஒரு குறை மதிப்பெண் போடத்தான் வேண்டும். அது விமான நிலையத்துக்கு அல்ல, டெல்லியில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு.

ஓடுதளமும் நீளம் போதாது. 8,136 அடி. ஏ320, 737 மாதிரி விமானங்களுக்குச் சரி. பெரிய விமானம் முழுப் பாரத்தோடு தூரதேசம் கிளம்ப இது பற்றாது. நீட்டிப்புப் பேச்சு வருஷக்கணக்கில் நடக்கிறது, நிலம் எடுப்பதில் இழுத்துக்கொண்டே போகிறது. 1,100 கோடிக்கு மண்டபம் கட்டியாயிற்று, ஓடுதளத்தையும் முடித்துக்கொடுங்கள்.

2024 அக்டோபர் 11 மாலையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் 140 பேரோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றி, எரிபொருளைத் தீர்த்துவிட்டுத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்த விமானிகளுக்கும் கீழே ஆம்புலன்ஸோடும் தீயணைப்பு வண்டியோடும் காத்திருந்தவர்களுக்கும் எங்கள் ஜில்லாவே கடன்பட்டிருக்கிறது.

புதிதாக வந்ததில் என் மனசுக்கு நெருக்கமான தடம் யாழ்ப்பாணம். 2025 மார்ச் 30-இல் இண்டிகோ தொடங்கியது. சின்ன ஏடிஆர் விமானம், பாக் நீரிணையைத் தாண்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் பக்கத்தில் சம்பந்தக்காரர்கள் அந்தக் கரையில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. முன்பெல்லாம் கொழும்பு போய், அங்கிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வடக்கே போவார்கள். இதற்கு டிக்கெட் போடும்போது கமிஷன் கணக்கே எனக்குத் தோன்றுவதில்லை.

கைமாற்றம் இன்னும் முடியவில்லை. தனியாருக்குக் கொடுக்கலாம் என்று விமான நிலைய ஆணையம் 2019-இல் பரிந்துரைத்த ஆறு நிலையங்களில் திருச்சியும் இருக்கிறது. கட்டடம் யார் கைக்குப் போனாலும் பயணியிடம் வாங்கும் கட்டணம் டிக்கெட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் நான் அதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இப்போதைக்கு என்னிடம் கேட்டால் இதுதான் சொல்வேன். சிங்கப்பூர் என்றால் மூன்று கம்பெனியையும் பெட்டிக் கிலோ சேர்த்து ஒப்பிடுங்கள், பொங்கல் டிக்கெட்டை ஆடியிலேயே எடுங்கள். துபாய் என்றால் திருச்சி நேர் விமானத்தோடு கொழும்பு வழியையும் ஒரு முறை பாருங்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததே, அதை மறக்க வேண்டாம். சென்னையோ பெங்களூரோ போய் வெளிநாட்டு விமானம் மாறுகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகவே போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் முதல் விமானம் ரத்தாகும்போது இரண்டாவதின் பணமும் போய்விடும்.