டக்கார் ராலி பார்க்க இங்கே பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் ஒரு நோட்டீஸ் கைமாறிக்கொண்டிருக்கிறது. சவுதிப் பாலைவனத்தில் நடக்கும் பைக், கார் நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலியை "மணல்மேட்டு உச்சியில் உட்கார்ந்து பார்க்கலாம், வீரர்கள் தங்கும் பிவாக் முகாமுக்குள் போகலாம், மதியச் சாப்பாடு உண்டு" என்று போட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் இதே வார்த்தைகளை நம்பி நானும் மச்சானும் என் பெரியப்பா மகனும் ஆளுக்கு 24,000 ரூபாய் கட்டினோம். விசா, விமான டிக்கெட் எல்லாம் தனியாக எங்கள் செலவு. 24,000 என்பது இரண்டு நாள் இடம் காட்டுவதற்கு மட்டும்.

எனக்கு மன்னார்குடியில் டூவீலர் ஒர்க்‌ஷாப். ராலி மேல் பைத்தியம். 2020 முதல் டக்கார் சவுதியில்தான் நடக்கிறது. அண்ணன் யான்புவில் வேலையில் இருக்கிறார். 2024-இல் முடிவிடமே யான்பு என்றதும் இந்த முறை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதிலும் நம்ம ஊர் டிவிஎஸ் கம்பெனி, பிரான்ஸின் பைக் கம்பெனி ஷெர்கோவோடு சேர்ந்து நடத்திய அணியில், கேரளத்துப் பையன் ஹரித் நோவா ஓட்டினார். பொங்கல் வீட்டில் இல்லை, சம்பா அறுப்பு நேரத்தில் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஜனவரி 16. ஹாயிலிலிருந்து அல்உலா வரை ஓட்டம். எங்களை வேனில் கூட்டிப்போய் நிறுத்திய இடம் நெடுஞ்சாலை ஓரம். பைக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் நம்ம கும்பகோணம் ரோட்டில் போகிற வேகத்தில், கையைக்கூட ஆட்டிக்கொண்டு. எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. அந்த வருஷப் பாதை மொத்தம் ஏறத்தாழ 7,900 கிலோமீட்டர். அதில் நேரம் கணக்கிட்டு ஓட்டுவது, ஸ்பெஷல் என்பார்கள், ஏறத்தாழ 4,700 தான். மிச்சமெல்லாம் முகாமுக்கும் ஸ்பெஷலுக்கும் நடுவில் பொதுச்சாலையில், வேகக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் போகிற பயணம். எங்களுக்குக் காட்டியது அந்த மிச்சத்தை.

பணம் வாங்கிய ஊர் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "தம்பி, நாளைக்குப் பாருங்க, மணலுக்குள்ளேயே இறக்கிடுவாங்க" என்றார்.

மறுநாள் வேன் ஒன்பதரைக்கு வந்தது. ராலியில் பைக்குகளைத்தான் முதலில் விடுவார்கள், அதுவும் காலையிலேயே, முந்தைய நாள் வேகமாக முடித்தவர்கள் முதலில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. நான் யாரைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தேனோ அவர் எப்போதோ கடந்து போயிருந்தார். அதற்குமேல் அந்த வேன் மணலில் இறங்காது. நடந்து போய் ஒரு வளைவில் நின்றோம். முதல் கார் போனதும் கிளம்பிய புழுதி அப்படியே எங்கள் மேல் வந்து கவிந்தது. அடுத்தடுத்து வந்த கார்களுக்குச் சத்தம் மட்டும்தான் அடையாளம். களத்தில் நெல் தூற்றியவர்களுக்குத் தெரியும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்க்காமல் முறத்தைத் தூக்க மாட்டோம். கூட்டிப்போன ஆளுக்கு அந்த யோசனையே இல்லை. அதைவிட மோசம், எங்களை நிறுத்தியது வளைவின் வெளிப்பக்கம். வண்டி பிடி தவறினால் நேராக வந்து விழுகிற இடம். பாதுகாப்புப் பணியில் இருந்த ஒருவர் ஓடிவந்து எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். அவர் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் என் மச்சான்.

பிவாக் வாசலில், ஏஜெண்ட் கொடுத்த அட்டையைக் காட்டினோம். காவலர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார். உள்ளே போக அமைப்பாளர்கள் தரும் அங்கீகார அட்டை வேண்டும். எங்களிடம் இருந்தது கலர் பிரிண்ட்.

அன்று ராத்திரி அண்ணன் தன் நண்பரின் லேண்ட் குரூசரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். 18-ஆம் தேதி அல்உலா – யான்பு ஓட்டம். இருட்டோடு கிளம்பினோம். அமைப்பாளர்கள் அறிவித்திருந்த பார்வையாளர் இடம் ஒன்றுக்குத்தான் அந்த நண்பர் கூட்டிப்போனார். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் குறைத்தார். மண்வெட்டியும் இரண்டு கேன் தண்ணீரும் வண்டியில் கிடந்தன. கல்மேடு, காற்று முதுகுக்குப் பின்னால், வளைவின் உட்பக்கம், எதிரே பாதை பாறைக்குள் நுழைவதால் வேகம் குறைந்தே ஆகவேண்டிய இடம். மணல்மேட்டு உச்சியில் நிற்கவே கூடாது என்றார். ஏறிவரும் ஓட்டிக்கு மறுபக்கத்தில் யார் நிற்கிறார் என்று தெரியாது, தாவித்தான் இறங்குவார். ஏஜெண்டின் நோட்டீஸ் அந்த உச்சியைத்தான் விற்கிறது.

திருவாரூரில் ஆழித்தேர் பார்க்கப் போகிறவர்கள் வீதி முனையில் இடம் பிடிப்பார்கள், தேர் திரும்புவதுதான் காட்சி என்பதால். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. பாறைக்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டியும் பாதைக்குறிப்பை ஒரு கணம் குனிந்து பார்ப்பது, எழுந்து நின்று கைப்பிடியைத் திருப்புவது, எல்லாம் தெரிந்தது. ஹரித் வந்தபோது நாங்கள் மூவரும் போட்ட சத்தத்தில் அவர் எங்கள் பக்கம் திரும்பினாரா என்று இன்னும் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது. மறுநாள் அவர் மொத்தத்தில் 11-ஆவதாகவும், முதல்தர ஓட்டிகளுக்கு அடுத்த நிலையான ராலி 2 பிரிவில் முதலாவதாகவும் முடித்தார்.

ஊர் திரும்பி ஏஜெண்டிடம் போனேன். "ரேஸ் பாத்தீங்கல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்றார். ரசீதில் "டூர் சேவை" என்று மட்டும் இருக்கிறது. எந்த இடம், ஸ்பெஷலா சாலையா, என்ன வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதுவுமே எழுதவில்லை. நான் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் கேளுங்கள். அந்தந்த நாளின் இடத்தை ஜிபிஎஸ் புள்ளியோடு தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2025 ராலி ஜனவரி 3-இல் பிஷாவில் தொடங்கி 17-இல் ஷுபைதாவில் முடிந்தது. அந்த ராலிக்கென்று கையில் கிடைத்த நோட்டீஸில் முடிவிடம் பழையபடி யான்பு என்றே இருந்தது. பாதையைக்கூடப் பார்க்காமல் பழைய நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இதே ஆளிடம் ஏமாந்த இன்னும் இரண்டு பேர் மன்னார்குடியிலேயே கிடைத்திருக்கிறார்கள். நீங்களும் கட்டியிருந்தால் ரசீது, அந்த கலர் அட்டை, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். என்னுடையதில் "மணலுக்குள்ளேயே இறக்கிடுவாங்க" என்று அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. அதை மனுவோடு சேர்க்கிறேன்.