சோளக்கதிர்: மைக்ரோவேவா, குக்கரா, அனலா?

சோளக்கதிரை எதில் வேகவைத்தால் நல்லது என்று யாராவது கேட்டால், "கையில் இருப்பது எந்தக் கதிர்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஸ்வீட் கார்னா, நாட்டு மக்காச்சோளமா? இளசா, முற்றியதா? தோலோடு இருக்கிறதா, உரித்து பிளாஸ்டிக் சுற்றி விற்றதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் மைக்ரோவேவ். தோலோடு கூடிய இளம் ஸ்வீட் கார்ன் ஒன்றோ இரண்டோ இருந்தால் இதற்கு ஈடாக வேறெதையும் சொல்ல மாட்டேன். மேலே அழுக்காகவும் காய்ந்தும் இருக்கும் ஓரிரு தோல்களை மட்டும் எடுத்துவிட்டு, நுனியில் தொங்கும் காய்ந்த நாரைக் கத்தரித்து, தண்ணீரில் ஒரு முறை அலசி, அப்படியே உள்ளே வைக்கலாம். 800 வாட் மைக்ரோவேவில் ஒரு கதிருக்கு 4 நிமிடம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்பு வேண்டாம், பாத்திரமே வேண்டாம். முத்துக்குள் இருக்கும் ஈரம் சூடாகி ஆவியாகிறது. பச்சைத் தோல் அந்த ஆவியைச் சுலபத்தில் வெளியே விடுவதில்லை. கதிர் தன் சொந்த ஈரத்திலேயே வெந்துவிடுகிறது. சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போகத் தண்ணீர் இல்லாததால் இனிப்பும் அப்படியே நிற்கிறது.

நேரம் முடிந்ததும் உடனே கதவைத் திறக்காமல் 2 நிமிடம் விட்டுவிட வேண்டும். அப்புறம் கனமான துணியால் பிடித்து வெளியே எடுத்து, காம்புப் பக்கம் ஒரு அங்குலம் விட்டு, முதல் வரிசை முத்துகளும் சேர்ந்து வரும்படி குறுக்கே வெட்ட வேண்டும். நுனித் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு கதிரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மெல்ல உதறினால், வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் பாருங்கள்! மஞ்சள் முத்துகள் பளபளவென்று, ஒரு நார்கூட ஒட்டாமல். ஒவ்வொரு முத்துக்கும் ஒரு நார் என்பது சோளத்தின் கணக்கு. நூற்றுக்கணக்கான நார்களைப் பச்சைக் கதிரில் விரலால் பிடுங்கிப் பழகியவர்களுக்கு இந்த ஒரு காட்சிக்காகவே மைக்ரோவேவ் பிடித்துவிடும். அந்த நார் முழுக்கத் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இதில் ஒரு குறை உண்டு. தோலோடு வேகவைக்கும்போது உள்ளே புழு இருந்தால் தெரியாது. நம்மூர்க் கதிர்களில் நுனிப் பக்கம் புழு இருப்பது சகஜம். அதனால் வைப்பதற்கு முன் நுனியில் இரண்டு விரல் அளவுக்குத் தோலை விலக்கிப் பார்த்து, சுத்தமாக இருந்தால் மறுபடி மூடிவிடுங்கள்.

உரித்த கதிர்தான் கிடைத்தது என்றால்? அதைச் சும்மா உள்ளே வைக்கவே கூடாது. நான் ஒரு முறை அப்படி வைத்து, பத்தாததற்கு 6 நிமிடமும் ஓட்டியபோது முத்துகள் எல்லாம் சுருங்கி, பல்லில் ரப்பர் மாதிரி இழுத்தன. கடையில் சுற்றிக் கொடுக்கும் பிளாஸ்டிக்கைப் பிரித்தெறிந்துவிட்டு, நனைத்துப் பிழிந்த சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். மைக்ரோவேவுக்கான கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடியை லேசாக வைத்தும் செய்யலாம். பரவாயில்லாமல் வரும், ஆனால் தோலோடு வெந்த கதிரின் அந்தப் பச்சை வாசனை வராது.

சோளத்துக்கும் மைக்ரோவேவுக்கும் உறவு பழையது. 1945ல் அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப் பையில் இருந்த சாக்லெட் உருகிப்போனதாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்து அவர் அந்தக் கருவியிலிருந்து வரும் மைக்ரோவேவ் அலைக்கு முன் வைத்துப் பார்த்தது பொரிசோளத்தைத்தான். அதிலிருந்து வந்ததுதான் இன்று நம் சமையலறையில் நிற்கும் பெட்டி.

ஆனால் வீட்டில் ஆறு பேர் இருந்தால் இந்தப் பெட்டி உதவாது. அதே வாட் சக்தியை எத்தனை கதிர்கள் பங்கு போடுகின்றனவோ அதற்கேற்ப நேரம் நீளும். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் இரண்டுக்கு 6, 7 நிமிடம் ஆகும். நான்கு வைத்தால் 12 நிமிடத்துக்கு மேல் போகும். நடுவே திருப்பி வைக்கவும் வேண்டும், அப்போதும் ஒன்று வெந்து ஒன்று வேகாமல் நிற்கும். அங்கேதான் குக்கர் ஜெயிக்கிறது. கதிர்களைப் பாதியாக உடைத்து 5 லிட்டர் குக்கரில் அடுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால், இரண்டு வைத்தாலும் ஆறு வைத்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஸ்வீட் கார்னுக்கு இரண்டு விசில் போதும். மூன்றாவது விசில் வந்தால் முத்து வாயில் குழைய ஆரம்பித்துவிடும். தண்ணீரில் உப்பு போடுவது பலருக்கு வழக்கம். இரண்டு விசிலில் அது உள்ளே பெரிதாக இறங்குவதாக எனக்குத் தெரியவில்லை, எடுத்த பிறகு தடவுவதுதான் நாக்குக்குத் தெரிகிறது.

நாட்டு மக்காச்சோளம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், குக்கர்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கிறதே, அந்தச் சோளம். பெரும்பாலும் முற்றவிட்டு அறுத்துக் கோழித் தீவனத்துக்குப் போவது. அதைப் பால் பிடித்த பருவத்தில் ஒடித்துக்கொண்டு வந்தால் வேகவைத்துத் தின்னலாம். கதிரில் ஏறும் சர்க்கரை நாளாக ஆக மாவுச்சத்தாகிவிடும் வகை இது. ஸ்வீட் கார்னில் இயற்கையாக நேர்ந்த ஒரு மரபணு மாறுதல் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் அது இனிப்பாகவும் நீர்ப்பதமாகவும் இருக்கிறது, 4 நிமிடத்தில் வேகவும் செய்கிறது. மாவுச்சத்து வேக வேண்டுமானால் வெளியிலிருந்து தண்ணீர் வேண்டும், நேரமும் வேண்டும். மைக்ரோவேவ் இரண்டையும் தராது. இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி முத்தைக் கெட்டியாக்கிவிடும். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்தால், அழுத்தினால் மாவு மாவாக உடையும் பதம் வரும். இனிப்பு குறைவுதான், ஆனால் இரண்டு கதிர் தின்றால் மதியச் சாப்பாட்டை மறக்கலாம்.

திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு கதிருக்கு அண்டா வைக்கும் நாளில் வசதி. ஒரு கதிருக்காக இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைப்பது கேஸுக்குக் கேடு, கதிரின் சத்தும் கொஞ்சம் தண்ணீரோடு போகும். செலவுக் கணக்கு பார்ப்பவர்களுக்கு: 800 வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ் உண்மையில் 1,200 வாட் அளவுக்கு இழுக்கும். அப்படியும் 4 நிமிடத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கடைசியில் தீ. மெரினாவில் கரி அடுப்பை விசிறிக்கொண்டே கதிரைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்து, உரித்த தோலிலேயே வைத்து நீட்டுவார்களே, அந்த ருசி எந்தப் பெட்டியிலும் வராது. முத்து கருகும் இடத்தில்தான் அந்த வாசனை பிறக்கிறது. மைக்ரோவேவ் ஈரத்தைச் சூடாக்கும், சிவக்க வைக்காது. வீட்டில் கேஸ் அடுப்பில் அப்பளம் சுடும் கம்பி வலையை வைத்துச் சுடலாம். சுடுவதற்கு நாட்டுச் சோளத்தின் பால் கதிரே பொருத்தம்; சுட்டபின் கடிக்க நல்ல பிடிப்பு இருக்கும். ஸ்வீட் கார்னைப் பச்சையாகத் தீயில் வைத்தால், உள்ளே வேகுமுன் வெளியே கருகி, நீர் வற்றிச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு நான் கண்ட வழி இரண்டையும் சேர்ப்பது. தோலோடு மைக்ரோவேவில் 3 நிமிடம். உதறி எடுத்து, இடுக்கியால் பிடித்து, பெரிய தீயில் ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றிக் காட்டினால் போதும். அங்கங்கே முத்து படபடவென்று வெடித்துக் கரும்புள்ளி விழும்போது இறக்கி, சூடு ஆறுமுன் எலுமிச்சை மூடியைத் தேய்த்துவிடுங்கள். மழை பிடித்த சாயங்காலத்தில் எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்கிறோம். முதல் கதிர் தட்டுக்கு வருவதற்குள் இரண்டாவது கதிர் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்.